ராக்கூன் ஆற்றில் நைட்ரேட் சென்சார்: வைப்பதும், பிறகு அதை நம்பும்படி வைத்திருப்பதும்

அமெரிக்காவின் அயோவா மாநிலத் தலைநகர் டி மாய்ன். அந்த வட்டாரத்தின் குடிநீர் பெரும்பாலும் ராக்கூன், டி மாய்ன் என்ற இரண்டு ஆறுகளை நம்பியிருக்கிறது. 2025 ஜூன் 12 அன்று, சுமார் 6 லட்சம் பேருக்குத் தண்ணீர் தரும் மத்திய அயோவா குடிநீர் அமைப்பு, புல்தரைகளுக்குத் தண்ணீர் பாய்ச்சவே கூடாது என்று தடை போட்டது. ஆறு வறண்டதால் வந்த தடை அல்ல இது. ஆற்றில் தண்ணீர் நன்றாகவே ஓடியது. அதில் கரைந்து வந்த நைட்ரேட்டை (உரத்திலிருந்தும் மண்ணிலிருந்தும் வரும் நைட்ரஜன் சேர்மம்), கோடைத் தேவைக்கு ஈடுகொடுக்கும் வேகத்தில் நீக்க முடியவில்லை. டி மாய்ன் நகரம் 1990-களின் தொடக்கத்திலேயே அயனிப் பரிமாற்ற முறையில் நைட்ரேட் நீக்கும் நிலையத்தைக் கட்டி வைத்திருக்கிறது. ஒரு நாள் ஓட்டினால் ஆயிரக்கணக்கான டாலர் செலவு. அதை எப்போது முடுக்குவது, எந்த ஆற்றிலிருந்து எவ்வளவு எடுத்துக் கலப்பது என்பதையெல்லாம் முடிவு செய்ய, ஆற்றின் மேல்பகுதியில் இந்த நிமிடம் என்ன ஓடுகிறது என்று தெரிய வேண்டும். மாதம் ஒருமுறை பாட்டிலில் எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பும் மாதிரி அதற்கு உதவாது.

அலகை முதலில் சரிசெய்துகொள்வோம். குடிநீரில் நைட்ரேட்டுக்கு அமெரிக்க வரம்பு லிட்டருக்கு 10 மி.கி. இந்தியாவின் குடிநீர்த் தரநிலையான ஐ.எஸ். 10500 சொல்வது 45 மி.கி. இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். அமெரிக்கக் கணக்கில் நைட்ரேட்டில் உள்ள நைட்ரஜனை மட்டும் எடை போடுகிறார்கள். இந்தியக் கணக்கு ஆக்சிஜனையும் சேர்த்து முழு நைட்ரேட்டையும் எடை போடுகிறது. அமெரிக்கக் கணக்கை இந்தியக் கணக்காக மாற்ற 4.43-ஆல் பெருக்க வேண்டும். சில சென்சார்கள் மைக்ரோமோல் அலகில் எண் தரும்: 1 மி.கி. நைட்ரஜன் என்பது 71.4 மைக்ரோமோல். சென்சார் தரும் எண்களைச் சேமிக்கும் லாகரில் பதிவாவது எந்த அலகு என்று முதல் நாளே பெட்டியின் கதவில் எழுதி ஒட்டிவிடுங்கள். இந்தப் பதிவில் இனி வரும் நைட்ரேட் எண்கள் எல்லாம் நைட்ரஜன் கணக்கு.

அயோவாவின் சமவெளி முழுக்க மக்காச்சோளமும் சோயாவும்தான். மண் ஈரம் வடிவதற்காக நிலத்துக்கடியில் 3, 4 அடி ஆழத்தில் துளையிட்ட வடிகால் குழாய்களைப் பதித்திருக்கிறார்கள். உரத்திலிருந்தும் மண்ணின் மட்கிலிருந்தும் உருவாகும் நைட்ரேட் மண்துகளில் ஒட்டாது. நீரோடு இறங்கி, குழாய் வழியாக ஓடைக்கும், ஓடையிலிருந்து ஆற்றுக்கும் வந்துவிடும். மே, ஜூன் மாதங்களில் பயிரின் வேர் இன்னும் சிறியது, மழையோ அதிகம். ஆண்டின் பெரும்பங்கு நைட்ரேட் போவது அப்போதுதான். முந்தைய ஆண்டு வறட்சி என்றால் நிலைமை இன்னும் மோசம், ஏனென்றால் பயிர் எடுக்காமல் விட்டது மண்ணிலேயே தங்கியிருக்கும். 2012 வறட்சிக்குப் பின் 2013 மே மாதத்தில் ராக்கூன் ஆற்றில் நைட்ரேட் 24 மி.கி.யைத் தொட்டது.

ஒரே மழையில் நைட்ரேட்டும், வயலிலிருந்து வரும் இன்னொரு உரச்சத்தான பாஸ்பரஸும் நேர்மாறாக நடந்துகொள்ளும். மழை பெய்து ஆறு ஏறும்போது முதலில் வருவது வயலின் மேல்பரப்பில் ஓடிய நீர். அதில் நைட்ரேட் குறைவு, வண்டல் அதிகம். அதனால் வெள்ளம் உச்சத்தை நெருங்கும்போது நைட்ரேட் இறங்கும், வண்டலில் ஒட்டிய பாஸ்பரஸ் ஏறும். உச்சம் கடந்து ஆறு வடியத் தொடங்கிய பிறகுதான் வடிகால் குழாய் நீர் ஆற்றின் பெரும்பகுதியாகும். அப்போது நைட்ரேட் ஏறி, பல நாட்களுக்கு இறங்காமல் நிற்கும். மாதிரி எடுப்பவர் வெள்ளத்தன்று போனால் ஒரு முடிவு, நான்கு நாள் கழித்துப் போனால் நேர் எதிரான முடிவு. ஆண்டுக்கு 12 பாட்டில் எடுப்பதற்குப் பதில் 15 நிமிடத்துக்கு ஒரு அளவு என்றால் ஆண்டுக்கு 35,040 அளவுகள். அவ்வளவு வேண்டுமா என்று கேட்பவர்கள் ஒரு புயல்மழை வாரத்தின் வரைபடத்தைப் பார்த்தாலே போதும்.

ஆற்றில் போகும் மொத்த எடை வேண்டுமென்றால் செறிவை நீரோட்டத்தோடு பெருக்க வேண்டும். விநாடிக்கு 100 கன மீட்டர் ஓட்டம், லிட்டருக்கு 8 மி.கி. நைட்ரேட் என்றால் விநாடிக்கு 800 கிராம், நாளுக்கு 69 டன் நைட்ரஜன். இந்த எடைதான் மிசிசிப்பி வழியாக மெக்சிகோ வளைகுடாவுக்குப் போய் பாசியை வளர்த்து, ஆக்சிஜன் 2 மி.கி.க்கும் கீழே விழும் பகுதியை உண்டாக்குகிறது. 2017-இல் அந்தப் பகுதி 22,720 சதுர கிலோமீட்டர். 2035-க்குள் 5,000-க்குக் கொண்டுவருவது இலக்கு. ஆகவே சென்சாரை நீரோட்டம் அளக்கும் நிலையத்துக்குப் பக்கத்திலேயே வையுங்கள். ராக்கூன் ஆற்றில் வான் மீட்டர் என்ற ஊரில் அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனம் இரண்டையும் ஒரே இடத்தில் அளக்கிறது.

எந்தச் சென்சார்?

நைட்ரேட் 200 முதல் 240 நானோமீட்டர் வரையான புற ஊதா ஒளியை உறிஞ்சும். விளக்கு ஒரு பக்கம், ஒளிமானி மறுபக்கம், நடுவே ஆற்று நீர். எவ்வளவு ஒளி குறைந்தது என்பதிலிருந்து நைட்ரேட்டைக் கணக்கிடுகிறது கருவி. வினைப்பொருள் எதுவும் வேண்டாம், நொடிகளில் எண் வந்துவிடும். அயோவா ஆறுகளில் அதிகம் காண்பது ஹாக் நிறுவனத்தின் நைட்ராடாக்ஸும் சீ-பேர்ட் நிறுவனத்தின் சூனாவும். விலை தோராயமாக 15,000 முதல் 25,000 டாலர். நைட்ரேட் அயனியை மின்னழுத்தமாக அளக்கும் அயனித் தேர்வு மின்முனை இதைவிட மிக மலிவு; ஆனால் குளோரைடு குறுக்கிடும், சவ்வு தேயும், நாளுக்கு நாள் அளவு நகரும். கழிவுநீர் நிலையத்தில் தினமும் ஆள் பார்க்கும் இடத்தில் அது ஓடும். ஆளில்லாத ஆற்றங்கரையில் அதை வைக்க வேண்டாம் என்பதே என் கருத்து.

வாங்கும்போது யோசிக்க வேண்டியது ஒளி கடக்கும் தூரம். 10 மி.மீ. என்றால் குறைந்த செறிவையும் நுணுக்கமாக அளக்கும். ஆனால் கலங்கல் ஏறும்போது ஒளி மறுபக்கம் போய்ச் சேராது. சேற்று ஆறுகளுக்கு 5 மி.மீ. நல்லது. நுணுக்கம் கொஞ்சம் குறையும். நைட்ரேட் 5, 10, 15 என்று ஓடும் ஆற்றில் அந்த நுணுக்கம் யாருக்கும் தேவைப்படாது. வெள்ளத்தின்போது எண்ணே வராமல் போவதுதான் பெரிய இழப்பு.

சூனாவில் டியூட்டீரியம் விளக்கு. ஆயுள் 900 மணி நேரம். 15 நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு நிமிடம் எரிந்தால் நாளுக்கு 1.6 மணி நேரம், அதாவது சுமார் 560 நாள். தொடர்ந்து எரியவிட்டால் 37 நாளில் முடிந்துவிடும். மின்சாரக் கணக்கும் இதிலேயே வந்துவிடும்: கருவி எடுப்பது 7.5 வாட், ஆகவே நாளுக்கு 12 வாட்-மணி, 12 வோல்ட் பேட்டரியில் 1 ஆம்பியர்-மணி. லாகர், மோடம், சென்சாரைத் துடைக்கும் வைப்பர் மூன்றையும் அதோடு சேர்த்து, வெயிலே இல்லாத 7 நாளுக்குத் தாங்கும் பேட்டரி வையுங்கள். சோலார் பேனலைச் சரிவாக வையுங்கள். தட்டையாக வைத்தால் பறவை எச்சமும் பனியும் மேலேயே தங்கும்.

இடத்தைத் தேர்வு செய்யும்போது கிளையாறு கலக்கும் இடத்துக்கும் கழிவுநீர் விழும் இடத்துக்கும் உடனே கீழே வைக்கக் கூடாது. அங்கே இரண்டு நீரும் கரைக்கு ஒன்றாக நெடுந்தூரம் கலக்காமலே ஓடும். கையில் பிடிக்கும் மீட்டரை எடுத்துக்கொண்டு ஆற்றின் குறுக்கே ஐந்தாறு இடங்களில் மின்கடத்து திறனை அளந்து பாருங்கள். குறைந்த ஓட்டத்தில் ஒருமுறை, வெள்ளத்தில் ஒருமுறை. எண்கள் ஒத்துப்போனால் கரையோரத்தில் ஒற்றைச் சென்சார் போதும். சென்சாரைத் துளையிட்ட பிவிசி அல்லது எஃகுக் குழாய்க்குள், படுக்கைவாட்டில், ஒளிப்பாதையின் திறப்பு பக்கவாட்டில் இருக்கும்படி பொருத்த வேண்டும். திறப்பு மேலே பார்த்தால் வண்டல் தங்கும், கீழே பார்த்தால் காற்றுக்குமிழி மாட்டிக்கொள்ளும். ஆற்றுப்படுகையிலிருந்து ஓரடியாவது உயர்த்தி வையுங்கள், இல்லையென்றால் ஒரே வெள்ளத்தில் மணலுக்குள் புதைந்துவிடும்.

களப்பணி

சென்சார் வாங்குவது ஒரு முறை நடக்கும் காரியம். அதை நம்பும்படி வைத்திருப்பது இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, கோடையில் தேவைப்பட்டால் வாரத்துக்கு ஒருமுறை நடக்க வேண்டிய காரியம். அழுக்கேறிய சென்சார் நிற்பதில்லை. அது தொடர்ந்து, சீராக, அழகான கோடு போடும். அந்தக் கோடு பொய். எந்தத் திசையில் பொய் என்பது படிவத்தைப் பொறுத்தது: பாசிப்படலம் ஒரு விதமாகத் திருப்பும், சுண்ணாம்புப் படிவம் வேறு விதமாகத் திருப்பும். ஆகவே இந்த வேலையைச் சுருக்கவே முடியாது.

வரிசை முக்கியம். போனதும் சென்சாரைத் தொடாதீர்கள். ஆற்றில் இருந்தபடியே அது காட்டும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பக்கத்தில், சுத்தமான இன்னொரு கருவியை அதே ஆழத்தில் இறக்கி அதன் எண்ணையும் குறியுங்கள். பிறகு சென்சாரை எடுத்துச் சுத்தம் செய்து, திரும்ப வைத்து, இரண்டு கருவியின் எண்ணையும் மறுபடி குறியுங்கள். இரண்டாவது கருவி எதற்கு? சுத்தம் செய்யும் அரைமணி நேரத்தில் ஆறும் மாறியிருக்கலாம், அதற்காக. ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம்: சுத்தம் செய்யுமுன் 8.6, செய்த பின் 9.1. அதே நேரத்தில் துணைக்கருவி 9.0-இலிருந்து 9.1 ஆனது. சென்சாரின் மாற்றம் 0.5, ஆற்றின் மாற்றம் 0.1, அழுக்கால் வந்த பிழை 0.4. கடைசியாகச் சுத்தம் செய்து 20 நாள் ஆகியிருந்தால், நாளுக்கு 0.02 வீதம் படிப்படியாக ஏற்றி அந்த 20 நாள் எண்களைத் திருத்த வேண்டும். வெள்ளம் ஒன்று நடுவில் வந்து, அன்றைக்கே எல்லா அழுக்கும் ஏறியது வரைபடத்தில் தெரிந்தால், திருத்தத்தை அந்த நாளிலிருந்து தொடங்க வேண்டும். அதை முடிவு செய்வது மனிதக் கண்தான்.

சென்சாரில் ஒளி கடக்கும் ஜன்னலைச் சுத்தம் செய்ய ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால், நார் உதிராத துடைப்புத் தாள், பஞ்சு நுனிக் குச்சிகள். முதலில் நிறைய நீர் விட்டு மணலை அலசிவிடுங்கள். மணலோடு துடைத்தால் ஜன்னலில் கீறல் விழும். வெள்ளையாகச் சுண்ணாம்பு படிந்திருந்தால் வினிகரில் நனைத்த குச்சியைச் சில நிமிடம் வைத்தால் இளகும். கடைசியில் அயனி நீக்கிய நீரால் கழுவுங்கள். வைப்பரின் தூரிகையையும் பாருங்கள். இழை மடங்கியிருந்தால் மாற்றிவிடுங்கள். மடங்கிய தூரிகை ஒளிப்பாதையிலேயே நின்று ஒளியை மறைக்கும்.

அடுத்தது பூஜ்யச் சோதனை. ஒளிப்பாதையைச் சுற்றிப் பாராஃபிலிம் என்ற இழுபடும் மெழுகுத் தாளை இறுக்கிச் சுற்றி, மேலே சிறு திறப்பு விட்டு, அதன் வழியாக அயனி நீக்கிய நீரை ஊற்றுங்கள். ஒருமுறை ஊற்றிக் கொட்டி, மறுபடி ஊற்றுங்கள். உள்ளே குமிழி இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். இருந்தால் விரலால் மெல்லத் தட்டினால் மேலே வந்துவிடும். சூனா 10 மி.மீ. கருவியில் எண் பூஜ்யத்துக்கு இருபுறமும் 0.03 மி.கி.க்குள் வர வேண்டும். வராவிட்டால் மறுபடி துடைத்துப் பாருங்கள். மூன்றாம் முறையும் அதே எண் நின்றால் விளக்கு மங்கியிருக்கிறது என்று பொருள்; அப்போது புதிய ஒப்பீட்டு நிறமாலையை, அதாவது நைட்ரேட் இல்லாத நீரில் கருவி காணும் ஒளி அளவுகளை, பதிவு செய்ய வேண்டும். அழுக்கு ஜன்னலோடு ஒப்பீட்டைப் பதிவு செய்துவிட்டால் அந்த அழுக்கையே பூஜ்யம் என்று கருவி எடுத்துக்கொள்ளும், பிறகு வரும் எல்லா எண்ணும் கெடும். நீரும் புதிதாக இருக்க வேண்டும். பல வாரம் பிளாஸ்டிக் கேனில் கிடந்த நீரில் கரிமப் பொருள் சேர்ந்து, அதுவே புற ஊதாவை உறிஞ்சும்.

பூஜ்யம் சரியானால், செறிவு தெரிந்த தரக்கரைசல். 105 டிகிரியில் உலர்த்திய பொட்டாசியம் நைட்ரேட் 0.7218 கிராமை ஒரு லிட்டரில் கரைத்தால் 100 மி.கி. நைட்ரஜன். அதில் 10 மி.லி. எடுத்து 100 மி.லி. ஆக்கினால் 10 மி.கி. குறைந்தது இரண்டு அளவில் சோதியுங்கள், ஒன்று ஆற்றின் வழக்கமான அளவுக்குக் கீழே, ஒன்று மேலே. கூடவே ஆற்று நீரில் ஒரு மாதிரி எடுத்து, அங்கேயே 0.45 மைக்ரான் வடிகட்டியில் வடித்து, பனிக்கட்டியில் வைத்து, 48 மணி நேரத்துக்குள் ஆய்வகத்துக்குக் கொடுங்கள். தரக்கரைசலில் சரியாகக் காட்டும் சென்சார் ஆற்று நீரில் மாறிக் காட்டலாம். கரைந்த கரிமப் பொருளும் கலங்கலும் குறுக்கிடுவதால் வரும் வேறுபாடு அது. ஆய்வக மாதிரிதான் அதைப் பிடிக்கும். ஆய்வக எண் பெரும்பாலும் நைட்ரேட், நைட்ரைட் இரண்டின் கூட்டுத்தொகை. சென்சாருக்கும் நைட்ரைட் கொஞ்சம் தெரியும் என்பதால் ஒப்பிடுவதில் சிக்கல் இல்லை.

எண்ணோடு அந்த அளவின் முழு நிறமாலையையும் பொருத்தப் பிழையையும் (அளந்த நிறமாலைக்கும் கருவி கணக்கிட்ட நிறமாலைக்கும் உள்ள வேறுபாடு) சேமிக்கச் சொல்லி லாகரை அமையுங்கள். சூனாவில் பொருத்தப் பிழை 0.001-ஐத் தாண்டினால் அந்த எண்ணைச் சந்தேகியுங்கள். நிறமாலை கையில் இருந்தால் பின்னால் வேறு கணக்குமுறையில் மறுபடி கணக்கிடலாம். எண் மட்டும் இருந்தால் எதுவும் செய்ய முடியாது.

கோடையில் ஓட்டம் குறைந்த நாட்களில் நைட்ரேட் பகலில் சற்று இறங்கி இரவில் ஏறும். பாசி பகலில் எடுத்துக்கொள்வதால் வரும் இயல்பான அசைவு அது. பக்கத்தில் உள்ள ஆக்சிஜன் சென்சாரில் அதற்கு நேர்மாறான அலை தெரியும். இரைச்சல் என்று நினைத்து அதைச் சமன்செய்து அழித்துவிடாதீர்கள்.

பாஸ்பரஸுக்கு வேறு வழி

பாஸ்பேட்டுக்குப் புற ஊதாவில் அப்படியொரு கையெழுத்து இல்லை. கலங்கல் சென்சாரை வைத்து மறைமுகமாகக் கணிப்பதே வழக்கம். குறைந்த ஓட்டம் முதல் வெள்ள உச்சம் வரை பல நிலைகளில் மாதிரி எடுத்து, மொத்த பாஸ்பரஸுக்கும் கலங்கலுக்கும் இரண்டையும் மடக்கையாக்கி நேர்கோட்டுத் தொடர்பு காண வேண்டும். மடக்கையிலிருந்து திரும்ப மாற்றும்போது எண் குறைந்து வரும்; அதற்கான திருத்தக் காரணியைப் பெருக்க மறந்தால் ஆண்டு மொத்தம் குறைவாகவே தெரியும். மாதிரிகளில் வெள்ள நாட்கள் இல்லையென்றால் அந்தச் சமன்பாட்டை வெள்ளத்துக்குப் பயன்படுத்தாதீர்கள். நடுவில் கலங்கல் சென்சாரின் மாடலையும் மாற்றாதீர்கள். ஒரே நீரில் இரண்டு மாடல்கள் இரண்டு எண் காட்டும். மாற்றித்தான் ஆக வேண்டுமென்றால் சில மாதம் இரண்டையும் சேர்த்து ஓட்டுங்கள்.

கலங்கல் காட்டுவது மண்ணில் ஒட்டிய பாஸ்பரஸை. கரைந்த பாஸ்பரஸ் அதில் தெரியாது. அமெரிக்காவின் ஈரி ஏரிக்கு மௌமி ஆறு கொண்டுபோகும் கரைந்த பாஸ்பரஸ்தான் அங்கே நீலப்பச்சைப் பாசிக்கு முக்கியத் தீனி. 2014 ஆகஸ்டில் அந்தப் பாசியின் நச்சு குடிநீரில் கலந்ததால் டொலீடோ நகரில் சுமார் 5 லட்சம் பேர் குழாய்த் தண்ணீரைக் குடிக்க முடியாமல் போனது. அத்தகைய ஆற்றில் மாலிப்டேட்டும் அஸ்கார்பிக் அமிலமும் சேர்த்து நீல நிறம் வரவழைத்து அளக்கும் தானியங்கிக் கருவி வேண்டும், அல்லது குளிரூட்டிய தானியங்கி மாதிரிப் பெட்டி வேண்டும். தானியங்கிக் கருவியின் பலவீனம் உள்ளிழுக்கும் வடிகட்டி. மிகத் தேவையான வெள்ள நாளில்தான் அது சேற்றில் அடைபடும். உதிரி வடிகட்டி எப்போதும் வண்டியில் இருக்கட்டும்.

அயோவா பல்கலைக்கழகம் நடத்தும் சென்சார் வலையமைப்புக்குப் போய்க்கொண்டிருந்த மாநில நிதியின் ஒரு பகுதி 2023-இல் வேறு திட்டத்துக்குத் திருப்பிவிடப்பட்டது. வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குச் சென்சார்கள்தான் ஏற்கெனவே ஆற்றில் இருக்கின்றனவே என்று தோன்றும். செலவு சென்சாரில் இல்லை. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வண்டி எடுத்துப் போகும் ஆள், அவர் கொண்டுவரும் மாதிரிக்கு ஆய்வகக் கட்டணம், மாதம் முழுக்க எண்களைத் திருத்தும் இன்னொரு ஆள்: இவர்களுக்குத்தான் செலவு. பட்ஜெட் போடுகிறவர்கள் கருவிக்கு ஒருமுறை ஒதுக்கிவிட்டு நிறுத்தினால் அந்தக் கருவி இரண்டாம் ஆண்டில் பொய் சொல்லத் தொடங்கும். ஐந்து இடத்தில் கவனிப்பில்லாத சென்சார் வைப்பதைவிட இரண்டு இடத்தில் ஒழுங்காக வைப்பது மேல்.

எவ்வளவு கவனித்தாலும் தரவில் இடைவெளி விழும்: பேட்டரி இறங்கும், மரக்கிளை மோதும், குளிர்காலத்தில் ஆறு உறைவதற்குமுன் சென்சாரையே எடுத்துவிட வேண்டியிருக்கும். ஓட்டம் மாறாத நாளில் சில மணி நேர இடைவெளியை இருபுற எண்ணையும் இணைத்து நிரப்பலாம். வெள்ளத்தின் நடுவே விழுந்த இடைவெளியை அப்படி நிரப்பவே கூடாது. ஏறுமுகத்தில் நைட்ரேட் இறங்கியதும் பிறகு ஏறியதும் அந்தக் கோட்டுக்குள் மறைந்துபோகும். அங்கே ஆய்வக மாதிரி இருந்தால் அதை வைத்து மதிப்பிடுங்கள், மதிப்பீடு என்று குறியிடுங்கள். இல்லையென்றால் வெற்றிடமாகவே விட்டு, எந்தத் தேதி எந்த மணியிலிருந்து எதுவரை, என்ன காரணம் என்று பதிவேட்டில் எழுதிவையுங்கள்.